நூறு கோடி மணி நேரப் பொறுப்பு: விமான மென்பொருளுக்கு ஒப்புதல் கிடைப்பது எப்படி?

புதிய தலைமுறைப் பயணிகள் விமானங்கள் பலவற்றில், விமானியின் கைப்பிடியை இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பரப்புகளோடு நேரடியாக இணைக்கும் எஃகுக் கம்பிகள் இல்லை. கைப்பிடியின் அசைவு மின்குறிகையாகக் கணினிக்குச் செல்ல, வேகம், உயரம், காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஆகியவற்றைக் கணக்கிட்டு எந்தப் பரப்பை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை அந்தக் கணினியே முடிவு செய்கிறது. 1987 பிப்ரவரியில் முதன்முதலாகப் பறந்து, 1988-ல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320, இந்த முறையை எண்முறைக் கணினிகளின் வழியாக ஏற்ற முதல் பயணிகள் விமானமாகும். அதன்பின் வந்த விமானங்களில் எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளின் அளவு, பிரேக்கின் அழுத்தம், மின்வழங்கல், விமானிக்கு முன்னால் தெரியும் திரைகள் என ஏறத்தாழ எல்லாமே மென்பொருளின் பொறுப்புக்கு வந்துவிட்டன.

அன்றாடம் பயன்படும் கைப்பேசியிலும் மேசைக் கணினியிலும் மென்பொருள் அவ்வப்போது தடுமாறுவதை எல்லோரும் அறிவர். அப்படியிருக்க, நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து பறக்கும் விமானத்தின் மென்பொருளை எந்த அடிப்படையில் நம்புவது, அந்த நம்பிக்கைக்கு அரசின் ஒப்புதலை எப்படிப் பெறுவது என்ற கேள்விக்கு உலக விமானத் துறை கண்டிருக்கும் விடை, டிஓ-178சி என்ற பெயரில் வழங்கும் ஓர் ஆவணமாகும். அந்த ஆவணம் என்ன கேட்கிறது, எதைக் கேட்பதில்லை என்ற இரண்டையும் சேர்த்து அறிந்தால்தான் விமானப் பாதுகாப்பில் மென்பொருளின் இடம் தெளிவாகும்.

எண்ணால் அளக்க முடியாத பாதுகாப்பு

பெரிய பயணிகள் விமானங்களுக்கான விதிமுறைகள், விமானமே அழிந்துபோகக்கூடிய பேரழிவுக் கோளாறு மிக மிக அரிதாக இருக்க வேண்டும் என்று கோருகின்றன. இந்த அரிது என்பதற்குப் பொறியாளர்கள் தரும் எண்ணளவு, பறக்கும் மணி நேரம் ஒன்றுக்கு நூறு கோடியில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதாகும். உலோகப் பாகங்கள், பம்புகள், மின்கம்பிகள் போன்றவற்றுக்கு இத்தகைய கணக்கைப் போட்டுவிட முடியும். ஏனெனில் அவை தேய்கின்றன, களைத்து விரிசல் விடுகின்றன, எவ்வளவு காலத்தில் எத்தனை பழுதாகின்றன என்பதற்குப் பதிவுகள் உள்ளன, ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்குமாறு இரண்டு மூன்றாக வைத்து வாய்ப்பைப் பெருக்கிப் பார்க்கவும் இயலும்.

மென்பொருள் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. அது தேய்வதில்லை, அதிலுள்ள பிழை முதல் நாளிலேயே உள்ளே அமர்ந்து, தன்னை வெளிப்படுத்தும் சூழ்நிலை வரும்வரை காத்திருக்கிறது, அந்தச் சூழ்நிலை வந்தால் தவறாமல் வெளிப்படுகிறது. ஒரு பாலத்தின் மேல் பத்து டன் லாரியை ஓட்டிப் பார்த்துவிட்டால் ஐந்து டன் லாரியை அது தாங்கும் என்று துணிந்து சொல்லலாம். ஆனால் பத்து என்ற எண்ணைச் சரியாகக் கையாண்ட நிரல் ஐந்தையும் சரியாகக் கையாளும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. நூறு கோடி மணி நேரம் ஓட்டிப் பார்த்தே தீர்மானிப்போம் என்றால் அதற்கு ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் ஆண்டுகள் பிடிக்கும். நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரிக்கி பட்லரும் ஜார்ஜ் ஃபினெல்லியும் 1993-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, உயிர்காக்கும் மென்பொருளின் நம்பகத்தன்மையைச் சோதனையின் மூலம் இந்த அளவுக்கு எண்ணில் நிறுவுவது நடைமுறையில் இயலாது என்று விளக்கியது.

பாகங்களை இரட்டிப்பாக்கும் பழைய உத்தியும் இங்கே முழுமையாகப் பலிப்பதில்லை. ஒரே மென்பொருளை நான்கு கணினிகளில் ஏற்றினால், அதிலுள்ள பிழையும் நான்கிலும் ஒரே நேரத்தில் தலைகாட்டும். 2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, போயிங் 787 விமானம் ஒன்று தொடர்ந்து 248 நாட்கள் மின்சாரம் நிறுத்தப்படாமல் இருந்தால், அதன் மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் உள்ள எண்ணி நிரம்பி வழிந்து, அவை அனைத்தும் ஒரே சமயத்தில் பாதுகாப்பு நிலைக்குச் சென்று, மாறுதிசை மின்சாரம் முழுவதும் அறுந்துபோகலாம் என்று எச்சரித்து, குறித்த கால இடைவெளியில் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் தொடங்குமாறு உத்தரவிட்டது. ஆய்வகச் சோதனையில் கண்டறியப்பட்ட இந்தக் கோளாறு விபத்து எதையும் விளைவிக்கவில்லை என்றாலும், எண்ணிக்கையைக் கூட்டுவதனால் மட்டும் மென்பொருளுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்பதை அது தெளிவாகக் காட்டியது.

அப்படியானால் வெவ்வேறு குழுக்களைக் கொண்டு வெவ்வேறு மென்பொருளை எழுதச் செய்யலாமே என்ற எண்ணமும் எழுந்தது. ஏ320 விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டில் இரண்டு வகைக் கணினிகள், வேறு வேறு செயலிகளோடும் வேறு வேறு குழுக்கள் எழுதிய மென்பொருளோடும் இயங்குவது இந்த எண்ணத்தின் விளைவே. எனினும் ஜான் நைட்டும் நான்சி லெவெசனும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தேவையை வைத்து 27 பேர் தனித்தனியே எழுதிய நிரல்களை ஒப்பிட்டபோது, தற்செயலால் நேரக்கூடிய அளவைவிட அதிகமாக அவை ஒரே உள்ளீடுகளில் சேர்ந்து தவறுவது தெரிந்தது. கடினமான இடம் எல்லோருக்கும் கடினமாகவே இருக்கிறது. ஆகவே வேறுபட்ட மென்பொருள்கள் உதவும் என்றாலும், அவற்றின் தோல்வி வாய்ப்புகளைப் பெருக்கி ஓர் எண்ணைப் பெற்றுவிட முடியாது.

இந்த முட்டுச்சந்திலிருந்து விமானத் துறை தேர்ந்த வழி, மென்பொருளுக்குத் தோல்வி வீதம் என்ற எண்ணைத் தருவதையே கைவிட்டு, அது உருவான முறைக்குச் சான்று கேட்பதாகும். கோளாறின் விளைவு எவ்வளவு கொடியதோ அவ்வளவு கடுமையான ஒழுங்கோடு மென்பொருள் எழுதப்பட்டு, மீளாய்வு செய்யப்பட்டு, சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒழுங்கு கடைப்பிடிக்கப்பட்டதை ஒவ்வொரு படியிலும் காகிதத்தில் காட்ட வேண்டும் என்பதே டிஓ-178சி-யின் சாரம்.

ஐந்து நிலைகள்

இந்த ஆவணத்தை வெளியிடும் ஆர்டிசிஏ, 1935-ல் அமெரிக்காவில் வானொலித் தொழில்நுட்பத்துக்கான ஆலோசனைக் குழுவாகத் தொடங்கிய அமைப்பு; விமான உற்பத்தியாளர்கள், கருவி உற்பத்தியாளர்கள், அரசுத் துறைகள் ஆகிய எல்லாத் தரப்பினரும் அதன் குழுக்களில் அமர்ந்து தரநிலைகளை வகுக்கின்றனர். 1980-களின் தொடக்கத்தில் வெளியான முதல் பதிப்பு பொதுவான வழிகாட்டுதலாக இருக்க, 1985-ல் டிஓ-178ஏ, 1992-ல் டிஓ-178பி, 2011 டிசம்பரில் டிஓ-178சி என்று அது வளர்ந்தது. ஐரோப்பாவில் 1963-ல் தோன்றிய யூரோகே என்ற அமைப்பு இதே உள்ளடக்கத்தை ஈடி-12சி என்ற பெயரில் வெளியிடுவதால், அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் மென்பொருள் ஒரே அளவுகோலால் மதிப்பிடப்படுகிறது.

இந்த ஆவணம் சட்டம் அன்று என்பது பலரும் கவனிக்காத செய்தி. விமானம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதே சட்டம். அதை மென்பொருளைப் பொறுத்தவரை நிறைவு செய்வதற்கு ஏற்கத்தக்க ஒரு வழி டிஓ-178சி என்று எஃப்ஏஏ தன் ஆலோசனைச் சுற்றறிக்கையின் மூலம் ஏற்றுக்கொண்டுள்ளது. வேறு வழியைக் கையாள நிறுவனங்களுக்குத் தடை இல்லை. ஆனால் அந்த வழி இதற்கு நிகரானது என்று நிறுவும் சுமை அவர்களுடையதாகிவிடுவதால், ஏறத்தாழ எல்லோரும் இந்த வழியிலேயே செல்கின்றனர். அதேபோல், மென்பொருளுக்கென்று தனியாகச் சான்றிதழ் எதுவும் வழங்கப்படுவதில்லை; விமானத்துக்கோ எஞ்சினுக்கோ வழங்கப்படும் வகைச் சான்றிதழின் ஒரு பகுதியாகவே அதன் மென்பொருள் ஒப்புதல் பெறுகிறது. ஒரு விமானத்தில் ஒப்புதல் பெற்ற மென்பொருளை இன்னொரு விமானத்துக்கு மாற்றினால், புதிய சூழலில் அது பொருந்துவதை மீண்டும் காட்டியாக வேண்டும்.

மென்பொருளுக்கு எவ்வளவு கடுமை தேவை என்பதை மென்பொருள் குழு தீர்மானிப்பதில்லை. விமானத்தின் ஒவ்வொரு செயல்பாடும் தவறினால் என்ன நேரும் என்று ஆராயும் பாதுகாப்பு மதிப்பீடு முதலில் நடக்கிறது. ஏஆர்பி4754, ஏஆர்பி4761 என்ற வேறு இரண்டு ஆவணங்கள் அதற்கான முறையை வகுத்துள்ளன. அந்த மதிப்பீட்டில் விளைவு பேரழிவு என்றால் மென்பொருள் ஏ நிலையிலும், சிலர் உயிரிழக்கவோ கடுமையாகக் காயமடையவோ கூடிய அபாயகர விளைவு என்றால் பி நிலையிலும், விமானிகளின் சுமையைக் கணிசமாகக் கூட்டும் பெரும் பாதிப்பு என்றால் சி நிலையிலும், சிறு பாதிப்பு என்றால் டி நிலையிலும், பாதுகாப்பில் எந்த விளைவும் இல்லையென்றால் ஈ நிலையிலும் வைக்கப்படுகிறது. பறப்புக் கட்டுப்பாட்டின் மையக் கணினிகள் ஏ நிலையைச் சேர்ந்தவை. பயணிகள் திரைப்படம் பார்க்கும் அமைப்பு பொதுவாக ஈ நிலையைச் சேர்ந்தது, அதற்கு இந்தத் தரநிலையின் கட்டுப்பாடுகள் இல்லை.

நிலை உயர உயர நிறைவேற்ற வேண்டிய இலக்குகளின் எண்ணிக்கையும் உயர்கிறது. டி நிலைக்கு 26, சி நிலைக்கு 62, பி நிலைக்கு 69, ஏ நிலைக்கு 71 என்று டிஓ-178சி வரையறுக்கிறது. ஏ நிலைக்கும் பி நிலைக்கும் எண்ணிக்கையில் இரண்டே இலக்குகள் வேறுபட்டாலும், உண்மையான வேறுபாடு சார்பின்மை என்ற நிபந்தனையில் அடங்கியிருக்கிறது: ஒருவர் உருவாக்கியதை அவரே சரிபார்க்காமல் வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற இந்த நிபந்தனை பி நிலையில் 18 இலக்குகளுக்கும், ஏ நிலையில் 30 இலக்குகளுக்கும் பொருந்துகிறது.

தேவையிலிருந்து நிரல்வரை ஒரு தொடர்

வேலை நிரல் எழுதுவதில் தொடங்குவதில்லை, திட்டங்களில் தொடங்குகிறது. ஒப்புதல் பெறும் முறை, உருவாக்கும் முறை, சரிபார்க்கும் முறை, மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் முறை, தரத்தைக் கண்காணிக்கும் முறை ஆகிய ஐந்துக்கும் தனித்தனித் திட்டங்கள் எழுதப்பட வேண்டும். தேவைகளை எழுதவும், வடிவமைக்கவும், நிரல் எழுதவும் பின்பற்றும் விதிகளும் முன்கூட்டியே வகுக்கப்பட வேண்டும். ஒப்புதல் தரும் அதிகாரிகள் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். எஃப்ஏஏ-யின் வழக்கத்தில் திட்டமிடல், உருவாக்கம், சரிபார்ப்பு, இறுதி ஒப்புதல் என நான்கு கட்டங்களில் தணிக்கை நடைபெறும். முதல் கட்டத்திலேயே திட்டம் போதாது என்று தெரிந்தால், பல ஆண்டு உழைப்பு வீணாவதற்கு முன்பே திருத்திக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது.

விமான அமைப்பு மென்பொருளிடம் எதிர்பார்ப்பவை மேல்நிலைத் தேவைகள் எனப்படுகின்றன. அவற்றை விரித்து, மேலதிக விளக்கம் எதுவும் கேட்காமலே நிரலாக எழுதிவிடக்கூடிய நுணுக்கத்துக்குக் கொண்டுவந்தால் அவை கீழ்நிலைத் தேவைகள். கீழ்நிலைத் தேவையிலிருந்து மூல நிரலும், மூல நிரலிலிருந்து கணினி இயக்கும் இயந்திர நிரலும் பிறக்கின்றன. இந்தப் படிகளுக்கு இடையே இரு திசையிலும் தொடர்புத் தடம் இருக்க வேண்டும் என்பது தரநிலையின் மிக முக்கியமான கோரிக்கை: எந்தத் தேவையைத் தொட்டாலும் அதை நிறைவேற்றும் நிரல்வரிகளையும் அதைச் சோதிக்கும் சோதனையையும் காட்ட முடிய வேண்டும், எந்த நிரல்வரியைத் தொட்டாலும் அது எந்தத் தேவைக்காக அங்கே இருக்கிறது என்று சொல்ல முடிய வேண்டும். ஏ நிலையில் இது இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. மூல நிரலை இயந்திர நிரலாக மாற்றும் தொகுப்பி, மூலத்தில் இல்லாத எதையேனும் தானாகச் சேர்த்திருந்தால், அந்தச் சேர்க்கையும் சரியானதே என்று தனியே சரிபார்க்க வேண்டும்.

தடம் பற்றிப் போகும்போது எந்தத் தேவையோடும் ஒட்டாத நிரல்வரிகள் அகப்படுவதுண்டு. பிழையால் உள்ளே வந்து, எந்தத் தேவைக்கும் பயன்படாத நிரல் நீக்கப்பட வேண்டும். வேறொரு விமான வகைக்காக வேண்டுமென்றே வைக்கப்பட்டு இந்த விமானத்தில் செயல்படாமல் நிறுத்தப்பட்டுள்ள நிரல் இருக்கலாம்; ஆனால் அது தவறுதலாக உயிர்பெற்றுவிட முடியாது என்று நிறுவ வேண்டும். சாதாரண மென்பொருள் உலகில் யாரும் பொருட்படுத்தாத இந்த வேறுபாட்டுக்கு இங்கே இவ்வளவு இடம் தரப்படுவதற்குக் காரணம், யாரும் கேட்காத வேலையைச் செய்யும் நிரல் எந்த நேரத்தில் எதைச் செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே.

சோதனையையும் அளத்தல்

சோதனைகள் அனைத்தும் தேவைகளிலிருந்தே எழுதப்பட வேண்டும் என்பது இத்தரநிலையின் தனித்தன்மை. நிரலைப் பார்த்துச் சோதனை எழுதுபவர், நிரல் என்ன செய்கிறதோ அதையே சரியென்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. தேவையைப் பார்த்து எழுதுபவரோ, நிரல் எதைச் செய்திருக்க வேண்டும் என்பதை அளக்கிறார். வழக்கமான மதிப்புகளோடு, எல்லை கடந்த மதிப்புகள், அறுந்துபோன குறிகைகள், ஒழுங்கு மாறிய நிகழ்வுகள் போன்றவற்றையும் கொடுத்து மென்பொருள் நிலைகுலையாமல் இருப்பதைக் காட்ட வேண்டும்.

இவ்வாறு சோதித்து முடித்தபின், அந்தச் சோதனைகள் போதுமானவைதாமா என்பதை அளக்கும் வேலை தொடங்குகிறது. தேவைகளிலிருந்து எழுதிய சோதனைகள் எல்லாம் ஓடி முடிந்தபோது நிரலின் எந்தெந்தப் பகுதி உண்மையில் இயங்கியது என்று கணக்கெடுக்கப்படுகிறது. இதற்குக் கட்டமைப்புக் கவரேஜ் என்று பெயர். சி நிலையில் ஒவ்வொரு கூற்றும் ஒருமுறையாவது இயங்கியிருந்தால் போதும். பி நிலையில் ஒவ்வொரு முடிவும் ஆம் என்றும் இல்லை என்றும் இரு பக்கமும் சென்றிருக்க வேண்டும். ஏ நிலையில், ஒரு முடிவுக்குள் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் தனித்து நின்று அந்த முடிவை மாற்ற வல்லது என்பதைச் சோதனைகள் காட்டியிருக்க வேண்டும்.

ஏ நிலையின் கோரிக்கையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இடப்பக்கச் சக்கரத்தின் மேல் எடை இருக்கிறது, வலப்பக்கச் சக்கரத்தின் மேலும் எடை இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்து உண்மையாக இருந்தாலோ, சக்கரங்கள் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சுழன்றாலோ, விமானம் தரையில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும் என ஒரு தேவை இருப்பதாகக் கொள்வோம். இருபக்கமும் எடை இருக்கும் ஒரு சோதனை, வலப்பக்கத்தில் மட்டும் எடை இருக்கும் ஒரு சோதனை ஆகிய இரண்டு போதும், முடிவு ஆம் என்றும் இல்லை என்றும் வந்துவிடும். பி நிலையின் கோரிக்கை நிறைவேறிவிடும். ஆனால் நிரல் எழுதியவர் இடப்பக்கச் சக்கரத்தைத் தவிர மற்ற இரண்டையும் மறந்திருந்தாலும் இந்த இரண்டு சோதனைகளும் வெற்றி பெறும். இடப்பக்கத்தில் மட்டும் எடை, வலப்பக்கத்து எடையோடு சக்கரச் சுழற்சி என்ற இன்னும் இரண்டு சோதனைகளைச் சேர்த்தால்தான் மூன்று நிபந்தனைகளும் தனித்தனியே தம் செல்வாக்கைக் காட்டும். மூன்று நிபந்தனைகளுக்கு எட்டுச் சேர்க்கைகள் இருந்தாலும் நான்கு சோதனைகளே போதுமாவது இந்த முறையின் சிக்கனம். நிபந்தனைகள் பத்தானால் சேர்க்கைகள் 1,024 ஆகும்போதும், பொதுவாகப் பதினொரு சோதனைகளில் வேலை முடிந்துவிடும்.

கவரேஜில் ஓட்டை தெரிந்தால் அந்த இடத்தை அடைக்க ஒரு சோதனையை ஒட்டவைப்பது விடையாகாது. ஒன்று, ஒரு தேவைக்கான சோதனை விடுபட்டிருக்கிறது. அல்லது தேவையே எழுதப்படாமல் இருக்கிறது. அல்லது தேவையற்ற நிரல் உள்ளே இருக்கிறது. எது என்று கண்டறிந்து அதற்கேற்பத் திருத்த வேண்டும் என்பதால், கவரேஜ் கணக்கு மென்பொருளை அளப்பதைவிட அதைச் சூழ்ந்த சிந்தனையை அளக்கும் கருவியாக விளங்குகிறது.

2011-ஆம் ஆண்டுப் பதிப்போடு வெளிவந்த துணை ஆவணங்கள் புதிய முறைகளுக்கும் வழி வகுத்தன. மாதிரிப்படங்களிலிருந்து நிரலைத் தானாக உருவாக்குவதற்கு டிஓ-331, பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு டிஓ-332, கணித நிறுவல் முறைகளுக்கு டிஓ-333, மனிதச் சரிபார்ப்பின் இடத்தைப் பிடிக்கும் மென்பொருள் கருவிகளின் தகுதியை நிறுவுவதற்கு டிஓ-330 என்று அவை அமைந்தன. இவற்றுள் கணித நிறுவல் தனிச்சிறப்புடையது; சோதனையால் சில உள்ளீடுகளையே பார்க்க முடியும் என்றிருக்க, கணித முறை எல்லா உள்ளீடுகளுக்கும் ஒருங்கே முடிவு சொல்கிறது. பிரான்சில் பாட்ரிக் கூசோவின் குழுவினர் உருவாக்கிய அஸ்ட்ரே என்ற பகுப்பாய்வுக் கருவி, ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைப் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் பூஜ்யத்தால் வகுத்தல், எண் வரம்பு மீறல் போன்ற இயக்கநேரப் பிழைகள் இல்லை என்பதை 2003-ல் தானியங்கி முறையில் நிறுவிக் காட்டியது.

தரநிலை தொடாத இடம்

இவ்வளவு கடுமைக்குப் பிறகும் விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. அவற்றை ஆராய்ந்தால் பெரும்பாலும் தவறு நிரலில் இருப்பதில்லை, நிரலுக்குத் தரப்பட்ட தேவையில் இருக்கிறது. 1993 செப்டம்பர் 14 அன்று லுஃப்தான்சாவின் ஏ320 விமானம் ஒன்று வார்சாவில் மழைநீர் தேங்கிய ஓடுபாதையில் வழக்கத்தைவிட வேகமாக, ஒரு பக்கம் சாய்ந்தவாறு இறங்கியது. வலப்பக்கச் சக்கரம் முதலில் தரையைத் தொட, இடப்பக்கச் சக்கரம் ஏறத்தாழ 9 விநாடிகள் கழித்தே தொட்டது. நீரின் மேல் வழுக்கியதால் சக்கரங்களும் போதிய வேகத்தில் சுழலவில்லை. விமானம் தரையில் இருப்பதற்கான நிபந்தனைகள் நிறைவேறாததால், வேகத்தைத் தணிக்கும் இறக்கைத் தடுப்புகளையும் எஞ்சினின் எதிர்விசையையும் மென்பொருள் அதுவரை அனுமதிக்கவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சென்று மண்மேட்டில் மோதியதில் இருவர் உயிரிழந்தனர். நடுவானில் இந்தத் தடுப்புகள் விரிந்துவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட தேவையை மென்பொருள் அப்படியே நிறைவேற்றியது. காற்றும் மழையும் சேர்ந்து உருவாக்கிய சூழ்நிலையைத் தேவை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்குச் சென்ற குவாண்டாஸ் ஏ330 விமானம் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அருகில் திடீரென இருமுறை மூக்கைத் தாழ்த்தியதில் 119 பேர் காயமடைந்தனர். காற்றை எதிர்கொள்ளும் கோணத்தைத் தெரிவிக்கும் கருவி ஒன்று தவறான உச்சமதிப்புகளை விட்டு விட்டு அனுப்பியது. ஓர் உச்சமதிப்பைக் கண்டால் 1.2 விநாடி பழைய மதிப்பையே நம்புமாறு வகுக்கப்பட்டிருந்த கணிப்புமுறை, சரியாக 1.2 விநாடி கழித்து இன்னோர் உச்சமதிப்பு வந்தால் ஏமாந்துபோகும் என்பதை யாரும் முன்னுணரவில்லை. ஏ330, ஏ340 விமானங்கள் சேர்ந்து 2.8 கோடி மணி நேரத்துக்கும் மேல் பறந்த பிறகு அந்தக் குறைபாடு இப்படி வெளிப்பட்டது அந்த ஒருமுறைதான் என்று ஆஸ்திரேலிய விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. அவ்வளவு நீண்ட பறப்பு அனுபவமும் நூறு கோடி மணி நேரம் என்ற இலக்கில் முப்பத்தைந்தில் ஒரு பங்குதான் என்பதை நினைத்தால், சோதனை ஓட்டத்தை மட்டும் நம்ப முடியாது என்ற வாதத்தின் எடை புரியும்.

போயிங் 737 மேக்ஸ் விமானங்களின் இரு விபத்துகள் இதற்கும் ஒரு படி மேலே உள்ள தவறைக் காட்டின. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் 346 பேரைப் பலிகொண்ட அந்த விபத்துகளில், எம்காஸ் என்ற மென்பொருள் பழுதான ஒரே ஒரு உணரியின் மதிப்பை நம்பி, விமானத்தின் மூக்கை மீண்டும் மீண்டும் கீழே தள்ளியது. இந்தச் செயல்பாடு தவறினால் விமானிகள் விரைவில் கண்டுணர்ந்து சரிசெய்துவிடுவார்கள் என்ற அனுமானத்தில், வழக்கமான பறப்பில் அதன் விளைவு பேரழிவாக மதிப்பிடப்படாமல் பெரும் பாதிப்பாக மட்டுமே மதிப்பிடப்பட்டிருந்தது. முதலில் 0.6 பாகையாக இருந்த வால்தளத் திருப்பத்தின் வரம்பு வடிவமைப்பின் போக்கில் 2.5 பாகையாக உயர்ந்தபோதும், அது திரும்பத் திரும்ப இயங்கினால் என்ன நேரும் என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. மதிப்பீடு தாழ்ந்துவிட்டால், அதன்மேல் எழும்பும் எல்லாக் கடுமையும் அந்தத் தாழ்ந்த அளவுக்கே அமைந்துவிடும். ஏறத்தாழ இருபது மாதத் தடைக்குப் பின் 2020 நவம்பரில் அமெரிக்காவில் அவ்விமானம் மீண்டும் அனுமதி பெற்றபோது, எம்காஸ் இரண்டு உணரிகளை ஒப்பிட்டுப் பார்க்குமாறும், ஒரு நிகழ்வுக்கு ஒருமுறை மட்டுமே இயங்குமாறும் திருத்தப்பட்டிருந்தது.

தேவைகள் நிரலாக மாறும் பாதையில் எதுவும் தொலையாமல், எதுவும் கூடாமல் காப்பதே டிஓ-178சி-யின் வேலை; அந்தத் தேவைகள் உலகத்தோடு பொருந்துகின்றனவா என்று கேட்பது அதற்கு மேலுள்ள அமைப்புப் பொறியியலின் வேலை. இந்தப் பிரிவினையை மறந்து, ஏ நிலையில் ஒப்புதல் பெற்றது என்ற ஒரு வாக்கியத்தையே பாதுகாப்பின் முழு உத்தரவாதமாகக் கொள்வது தரநிலையைத் தவறாகப் படிப்பதாகும்.

வரவிருக்கும் சோதனை

இந்தத் தரநிலையின்படி நடக்கும் வேலை இப்போது பல நாடுகளில் பரவியுள்ளது. இந்தியாவில் சிவில் விமானங்களுக்கு டிஜிசிஏ-யும், ராணுவ விமானங்களுக்குப் பெங்களூரில் உள்ள செமிலாக் என்ற நிறுவனமும் ஒப்புதல் வழங்கும் பொறுப்பை வகிக்கின்றன. பெங்களூர், ஹைதராபாத், சென்னை ஆகிய நகரங்களின் பொறியாளர்கள் வெளிநாட்டு விமானக் கருவி நிறுவனங்களுக்காகத் தேவைகளை மீளாய்வு செய்வதிலும் சோதனைகளை எழுதிக் கவரேஜ் கணக்கெடுப்பதிலும் ஈடுபட்டுள்ளனர். சார்பின்மை என்ற நிபந்தனை எழுதுபவரையும் சரிபார்ப்பவரையும் பிரித்து வைப்பதால், அந்த இருவரும் வேறு வேறு நகரங்களில், சில சமயம் வேறு வேறு நாடுகளில் இருந்தபடி வேலை செய்வது இயல்பாகிவிட்டது.

ஆனால் இதுவரை வந்த எல்லா மாற்றங்களையும்விடக் கடினமான கேள்வியை எந்திரக் கற்றல் எழுப்புகிறது. லட்சக்கணக்கான படங்களைப் பார்த்து ஓடுபாதையை அடையாளம் காணக் கற்ற வலைப்பின்னலில், ஒவ்வொரு எண்ணும் எந்தத் தேவைக்காக அங்கே இருக்கிறது என்று எவராலும் காட்ட முடியாது. அதன் நிரலைச் சில சோதனைகளிலேயே முழுமையாக இயக்கிவிடலாம் என்பதால் கவரேஜ் கணக்கும் அங்கே பொருளிழந்துவிடுகிறது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2020-ல் செயற்கை நுண்ணறிவுக்கான செயல்திட்ட வரைவை வெளியிட்டு, பயிற்சிக்குப் பயன்பட்ட தரவுகளின் தரம், முறை செல்லுபடியாகும் சூழ்நிலைகளின் எல்லை, மனிதரின் கண்காணிப்பு ஆகியவற்றைச் சான்றாகக் கொள்வது எப்படி என்று ஆராயத் தொடங்கியுள்ளது.

அந்த முயற்சிகள் எந்த வடிவத்தில் முடிந்தாலும், விமான மென்பொருளிடம் கேட்கப்படும் அடிப்படைக் கேள்வி மாறப்போவதில்லை: இது சரியாக இயங்கும் என்பது உமக்கு எப்படித் தெரியும், அதை உம்மோடு தொடர்பில்லாத இன்னொருவர் எப்படிச் சரிபார்ப்பது? மனிதர் எழுதிய நிரலுக்கு இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஒழுங்கை உருவாக்கவே விமானத் துறைக்கு முப்பது ஆண்டுகளும் நான்கு பதிப்புகளும் தேவைப்பட்டன. விடை சொல்ல இயலாத தொழில்நுட்பம், தவறினாலும் உயிருக்கு ஊறு நேராத வேலைகளிலேயே முதலில் இடம் பெற முடியும். பறப்புக் கட்டுப்பாட்டின் மையத்துக்கு வர வேண்டுமானால், சான்று காட்டும் சுமையை அது தானே சுமந்து வர வேண்டும்.